ஆர்.டி.ஓ. விசாரணையோடு நின்றுபோகும் செய்தி: கடலூர், புதுவைப் பக்கம் வரதட்சணைச் சாவுகள் கணக்கில் வராதது ஏன்?

கடலூர், புதுச்சேரிப் பதிப்பில் நாளிதழ் படிக்கிறவர்களுக்கு அந்தச் செய்தி பழகிப்போயிருக்கும். உள்பக்கத்தில் ஒரு மூலையில், பத்து வரிக்கு மேல் போகாது. பெண்ணின் பெயர், வயது, ஊர், கணவரின் தொழில். நடுவில் "தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த அவர்" என்றோ "குடும்பத் தகராறில் மனமுடைந்த அவர்" என்றோ ஒரு வரி. முடிவில், "திருமணமாகி மூன்று ஆண்டுகளே ஆவதால் ஆர்.டி.ஓ. விசாரணை நடைபெற்று வருகிறது." ஆர்.டி.ஓ. என்றால் இங்கே வருவாய்க் கோட்டாட்சியர். அந்த வரிக்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி எந்தச் செய்தியும் வருவதில்லை. விசாரணையில் என்ன தெரிந்தது, வழக்கு என்ன ஆனது, குழந்தை யாரிடம் வளர்கிறது என்று யாரும் எழுதுவதில்லை.

அந்தக் கடைசி வரி அதிகாரிகளின் விருப்பத்தால் வருவதல்ல, சட்டம் கட்டாயமாக்கியது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டாலும் அது கொடுக்கல் வாங்கலைத்தான் குற்றமாக்கியது. மருமகள் தீயில் கருகிச் செத்தால் "ஸ்டவ் வெடித்துவிட்டது" என்ற ஒரு வாக்கியத்தோடு கோப்பு மூடப்பட்ட காலம் அது. 1970-களின் கடைசியில் டெல்லியில் பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கி, இவை விபத்துகள் அல்ல, கொலைகள் என்று உரக்கச் சொன்ன பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில், கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமையைக் குற்றமாக்கும் 498-ஏ பிரிவு வந்தது. 1986-இல் 304-பி என்ற வரதட்சணை மரணப் பிரிவு வந்தது. கல்யாணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்து, சாவுக்குச் சற்று முன்பு வரதட்சணைக்காக அவளைக் கொடுமைப்படுத்தியதும் காட்டப்பட்டால், கணவனும் வீட்டாரும்தான் அந்தச் சாவுக்குக் காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு. தண்டனை குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். அவளே உயிரை மாய்த்துக்கொண்டிருந்தாலும் இந்தப் பிரிவு பொருந்தும். பலருக்கும் இது தெரியாது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 85, 80 என்று எண் மாறியிருக்கின்றன. உள்ளடக்கம் அதேதான்.

ஏழு ஆண்டுக்குள் நடக்கும் சாவை போலீஸ் மட்டும் விசாரித்து முடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பிரேதப் பரிசோதனையும் நிர்வாக நடுவர் விசாரணையும் வந்தன. கடலூர் மாவட்டத்தில் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் கோட்டங்களின் ஆர்.டி.ஓ.க்கள் இதைச் செய்கிறார்கள். புதுச்சேரியில் நடுவர் அதிகாரம் உள்ள வருவாய்த் துறை அதிகாரிகள் செய்கிறார்கள்.

இனி எண்ணிக்கை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாடு முழுவதும் 6,450 வரதட்சணை மரணங்கள். 2023-இல் 6,156. நாளொன்றுக்குப் பதினேழு பெண்கள். கணவன், அவன் உறவினர்கள் செய்த கொடுமை என்று 2022-இல் பதிவான வழக்குகள் மட்டும் 1,40,019. பெண்களுக்கு எதிரான குற்றங்களில் மிகப் பெரிய பங்கு இதுதான். சாவுகளில் உத்தரப் பிரதேசம் ஆண்டுக்கு இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது, பீகார் ஆயிரத்தைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டின் எண்ணிக்கை சில பத்துகளோடு நிற்கிறது. புதுச்சேரி ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவதில்லை.

இதைப் பார்த்து "அது வடக்கத்திப் பிரச்சினை, நம்ம பக்கம் அவ்வளவு இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. நம் பக்கத்தில் அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டிக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில்கூடத் தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடந்தவை. மாமியாரே அப்பாவின் தங்கையாக இருக்கும் வீட்டில் ஒரு பெண் முழு அந்நியப் பெண்ணாக ஆகிவிடுவதில்லை. குறிஞ்சிப்பாடியில் பிறந்தவளை நெல்லிக்குப்பத்தில் கொடுத்தால், சத்தம் கேட்ட மறுநாள் காலையில் தாய்மாமன் டவுன் பஸ் பிடித்து வந்து நிற்க முடியும். உத்தரப் பிரதேசத்தில் ஊர் விட்டு ஊர், முன்பின் தெரியாத குடும்பத்தில் கட்டிக்கொடுக்கப்படும் பெண்ணுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் இந்த வழக்கம் நம்மிடம் குறைந்துகொண்டே வருகிறது. இப்போது வரன் வருவது திருமணத் தகவல் மையத்திலிருந்தும் செயலியிலிருந்தும் தரகரிடமிருந்தும்தான். மாப்பிள்ளை சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை வீட்டில் இருக்கிறார். மாமன் வந்து நிற்க ஒரு இரவுப் பயணம் ஆகிறது.

மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள வேறொரு புத்தகத்தைத் திறக்க வேண்டும். அதே ஆவணக் காப்பகம் வெளியிடும் தற்கொலைக் கணக்கு அது. 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 தற்கொலைகள், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் நாட்டின் சராசரி 12.4, புதுச்சேரியில் 29.7. நாட்டிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. அந்த ஆண்டு நாடு முழுவதும் தற்கொலை செய்துகொண்ட 48,172 பெண்களில் பாதிக்கு மேல், அதாவது 25,309 பேர், இல்லத்தரசிகள். காரணங்களில் முதலிடம் "குடும்பப் பிரச்சினை", இரண்டாம் இடம் "நோய்". நம் உள்பக்கச் செய்தியின் "குடும்பத் தகராறும்" "வயிற்று வலியும்" போய்ச் சேர்வது இந்த இரண்டு கட்டங்களில்தான்.

இந்தச் சாவுகள் எல்லாம் வரதட்சணையால் நடந்தவை என்று நான் சொல்லவில்லை. தற்கொலை செய்துகொள்பவர்களில் ஆண்களே அதிகம், காரணங்களும் பல. ஒரு சாவு எந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது என்பதை முடிவு செய்வது அந்த முதல் இரண்டு நாட்கள்தான், அந்த இரண்டு நாட்களில் உயிரோடு இருந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் கணவன் வீட்டார்தான் என்பதையே சொல்கிறேன். வயிற்று வலி என்று முதலில் சொன்னது யார்? அந்த வலிக்கு எந்த மருத்துவரிடம் காட்டினார்கள், சீட்டு எங்கே? இதைக் கேட்காமல் எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் ஒரு பெண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது.

கணக்கில் வராதது எவ்வளவு என்பதற்கு ஒரு பழைய ஆய்வு நல்ல சான்று. 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது அது. 2001-ஆம் ஆண்டு இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் சுமார் 1,63,000 பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். போலீஸ் கணக்கில் இருந்ததைவிட ஆறு மடங்கு அதிகம். அவர்களில் 1,06,000 பேர் பெண்கள், பெரும்பாலும் 15 முதல் 34 வயதுக்குள். சமையல் எல்லா வயதுப் பெண்களும் செய்கிற வேலை. கல்யாணமான புதிதில் இருக்கும் வயதில் மட்டும் இத்தனை பேர் கருக வேண்டிய காரணம் அடுப்பில் இல்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ் போய் கேஸ் அடுப்பு வந்த பிறகு தீச்சாவுகள் நம் பக்கத்தில் குறைந்திருக்கின்றன. கொடுமையும் அதே அளவில் குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

சாவு வரை போகாத வன்முறை இன்னும் பெரியது. 2019-21 கணக்கெடுப்பில், கணவனிடம் உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் நாட்டில் 29 சதவீதம், தமிழ்நாட்டில் 38 சதவீதம். சாவுக் கணக்கில் கீழே இருக்கும் நாம் அடிதடிக் கணக்கில் நாட்டுச் சராசரிக்கு மேலே இருக்கிறோம். கணக்கெடுப்பு வரதட்சணை பற்றித் தனியாகக் கேட்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் இன்னொரு விவரம் அதில் உண்டு. நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். 77 சதவீதம் பேர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை, பெற்ற தாயிடம்கூட.

கேட்காமல் கேட்பது

திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலுக்கு நல்ல முகூர்த்த நாளில் போயிருப்பவர்களுக்குத் தெரியும், ஒரே காலையில் நூறு கல்யாணத்துக்கு மேல் நடக்கும். மலைப்படிக்கட்டெங்கும் மணமக்கள். அங்கே வரும் குடும்பங்களில் பல, மண்டபச் செலவைத் தவிர்க்க வந்தவை. ஆனால் மண்டபத்தில் மிச்சம் பிடித்தவர்கள் நகையில் மிச்சம் பிடிக்க முடிந்திருக்காது. நகை நிச்சயத்திலேயே பேசி முடிக்கப்பட்ட ஒன்று.

பேசுகிற விதம் எல்லோருக்கும் தெரிந்தது. "நாங்க எதுவும் கேக்கலங்க. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்யுங்க." கொஞ்சம் இடைவெளி விட்டு, "மூத்த மருமக முப்பது போட்டுக்கிட்டு வந்துச்சு. நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கணும், வித்தியாசம் தெரியக் கூடாது பாருங்க." சட்டப்படி பார்த்தால் இது ஒரு கோரிக்கை. சபையில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லை. பெண்ணின் அப்பாவுக்கும் தோன்றுவதில்லை, நல்ல சம்பந்தி என்றே வீட்டில் வந்து சொல்வார். நெய்வேலியில் நிரந்தர வேலை என்றால் ஒரு தொகை, அரசு வேலை என்றால் ஒரு தொகை, வெளிநாடு என்றால் ஒரு தொகை என்று ஊருக்கே விலை தெரியும். புதுச்சேரியில் இந்தக் கணக்கு தலைகீழாகும் இடமும் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண் என்றால் மாப்பிள்ளை வீட்டார்தான் பணத்தோடு அலைவார்கள் என்பது அங்கே பழைய பேச்சு.

இது ஆதியிலிருந்து வந்த பழக்கமும் அல்ல. இந்தப் பகுதியின் பெரும்பாலான சாதிகளில் ஒரு காலத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுத்தார்கள். வயலில் நாற்று நட்டு, களை பறித்து, மீன் விற்றுச் சம்பாதித்த பெண்ணை ஒரு வீடு இழக்கிறது, இன்னொரு வீடு பெறுகிறது என்ற கணக்கு அது. கடந்த நூற்றாண்டில் ஆண் பிள்ளைகள் படித்துச் சம்பள வேலைக்குப் போனதும், பெண்ணின் உழைப்பு வீட்டுக்குள் மதிப்பில்லாததாக ஆனதும், மேல்சாதி வழக்கம் என்று பார்க்கப்பட்டதைப் பின்பற்றுவது கௌரவமானதும் அதைத் திருப்பிப் போட்டன. சுயமரியாதைத் திருமணத்துக்குத் தமிழ்நாடு 1967-இல் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. புரோகிதர் இல்லாத மேடைகள் பெருகின, ஆனால் அந்த மேடையிலும் நகை இறங்கவில்லை. இந்தியக் கிராமங்களில் 1960 முதல் 2008 வரை நடந்த சுமார் 40,000 திருமணங்களை உலக வங்கி ஆய்வாளர்கள் பரிசீலித்தபோது 95 சதவீதத்தில் வரதட்சணை கைமாறியிருந்தது. சட்டம் பிறந்து வளர்ந்து நடுத்தர வயதை எட்டிய அதே ஆண்டுகள் அவை.

வன்முறை தொடங்கும் இடம், என் பார்வையில், கொடுத்த நகையில் இல்லை, கொடுக்காமல் நிற்கும் பாக்கியில் இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் ஒரு குடும்பம் முப்பது பவுன் பேசி இருபத்திரண்டு போட்டு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி எட்டு பவுன் "முந்திரி வித்ததும் போட்டுடறோம்" என்ற வாக்கில் நிற்கிறது. 2025 தொடக்கத்தில் பவுன் 57,000 ரூபாயை ஒட்டி இருந்தது. அந்த எட்டு பவுனுக்கு நாலரை லட்சம் போதும். அதே ஆண்டு அக்டோபரில் பவுன் 90,000-ஐத் தாண்டியது. எட்டு பவுன் அப்போது ஏழு லட்சத்துக்கு மேல். தோப்பில் விளைச்சல் அப்படியேதான் இருக்கிறது, கடன் மட்டும் பத்து மாதத்தில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. அப்பா மகளிர் குழுக் கடனையும் நகைச்சீட்டையும் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும்போது, மகள் அந்த எட்டு பவுனைப் பற்றிய பேச்சை ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "உங்கப்பன் ஏமாத்திட்டான்." இந்த ஒரு வாக்கியம் அந்த வீட்டில் எதையும் நியாயப்படுத்திவிடும்.

கொண்டுபோன இருபத்திரண்டு பவுனும் அவளிடம் இருப்பதில்லை. மூன்றாவது மாதம் கொழுந்தனாரின் வண்டிக்கு என்று வளையல் அடகுக்குப் போகும். நாத்தனாரின் வளைகாப்புக்கு ஆரம் போகும். அவள் கழுத்தில் தாலிச் செயினுக்குப் பதில் கவரிங் இருப்பதை அம்மாதான் முதலில் பார்ப்பாள், பெரும்பாலும் ஏதாவது ஒரு சாவு வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ. சட்டத்தில் இதற்கு மயக்கமே இல்லை. பெண்ணுக்குக் கொடுத்த நகை பெண்ணுடையது, கணவன் வீட்டார் அதை வைத்திருந்தால் அவளுடைய பொறுப்பாளர்களாகவே வைத்திருக்கிறார்கள், திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடி என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிறகு சீர். தலைதீபாவளி, பொங்கல், ஆடி, வளைகாப்பு, குழந்தைக்குப் பேர் வைப்பது, காது குத்து, புதுமனை புகுவிழா என்று கல்யாணத்துக்குப் பிறகும் பெண் வீட்டார் கை ஓய்வதில்லை. அன்பாகத் தரும் வீடுகள் ஏராளம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டம் இடறி விழும் இடம் இது. குழந்தைப் பேறு போன்ற சடங்குகளுக்கு வழக்கப்படி தருவது வரதட்சணை ஆகாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது. தலைதீபாவளிக்கு பைக் கேட்டு அடித்தான் என்று ஒரு வழக்கு வந்தால், அது பண்டிகைச் சீர்தானே என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாட அந்தத் தீர்ப்பு கைகொடுக்கும். 2022-இல் அதே நீதிமன்றம் வேறு திசையில் பேசியது. வீடு கட்டப் பணம் கேட்டதும் வரதட்சணைதான், சட்டத்தின் நோக்கத்தை முறியடிக்கும் குறுகிய பொருள் கொள்ளக் கூடாது என்றது. சாவுக்குச் "சற்று முன்பு" என்பதற்கு நேற்று, முந்தாநாள் என்று பொருள் இல்லை, கொடுமைக்கும் சாவுக்கும் அறுபடாத தொடர்பு இருந்தால் போதும் என்று 2021-இல் விளக்கியது. சிதம்பரத்திலோ விருத்தாசலத்திலோ அரசு வக்கீல் இந்த இரண்டு தீர்ப்புகளையும் எடுத்து வைக்கிறாரா இல்லையா என்பதில் ஒரு வழக்கின் தலையெழுத்தே மாறலாம்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் பெஞ்சில்

ஆர்.டி.ஓ. விசாரணைக்குத் திரும்புவோம். மகளைப் புதைத்தோ எரித்தோ சில நாட்கள்கூட ஆகாத ஒரு தாயும் தந்தையும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வி வருகிறது. "வரதட்சணை கேட்டாங்களா?" அப்பா நிமிர்ந்து சொல்கிறார். "இல்லங்க ஐயா. அவங்க கேக்கல. நாங்களாத்தான் போட்டோம்."

இந்தப் பதில் பல காரணங்களால் வருகிறது. கேட்டுக் கொடுத்தோம் என்றால் ஊரில் கௌரவம் குறையும். கொடுப்பதும் குற்றம், குறைந்தது ஐந்து ஆண்டு சிறை என்று யாரோ பயமுறுத்தியிருப்பார்கள். பேரக் குழந்தை அந்த வீட்டில் இருக்கும், அதை இனிமேல் கண்ணில் காட்டமாட்டார்களே என்ற கவலை இருக்கும். சபையில் நடந்த பேச்சு அவர்களுக்கே வரதட்சணை கேட்டதாகத் தோன்றியிருக்காது, மேலே சொன்னதுபோல. எழுத்தர் அந்த ஒரு வரியை எழுதிக்கொள்கிறார், கையெழுத்து வாங்குகிறார். வரதட்சணை மரணத்துக்கான அனுமானமே வரதட்சணைக் கொடுமையைக் காட்டினால்தான் எழும். அந்த வரியோடு வழக்கின் அடித்தளம் போய்விடுகிறது.

வேறு மாதிரி கேட்டிருக்கலாம். எத்தனை பவுன் பேசினீர்கள், எத்தனை போட்டீர்கள், மீதி எப்போது தருவதாகச் சொன்னீர்கள், கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு எப்போதெல்லாம் பணம் அனுப்பினீர்கள், எதற்காக, கடைசியாக எப்போது அழுதுகொண்டு போன் பண்ணினாள், என்ன சொன்னாள், அடகுச் சீட்டு யார் பேரில் இருக்கிறது. இப்படிக் கேட்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள், அவர்கள் அறிக்கையால் பிரிவு மாற்றப்பட்டு ஆயுள் தண்டனை வரை போன வழக்குகளும் உண்டு. பெற்றோருக்கு ஒன்று உறுதியாகத் தெரிய வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் தரும் வாக்குமூலத்தை வைத்து, வரதட்சணை கொடுத்த குற்றத்துக்காக அவர்கள் மேல் வழக்குப் போட முடியாது. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவே இதைச் சொல்கிறது.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இன்னொரு சிக்கல் இருக்கிறது. முள்ளோடையில் மாநில எல்லை. புதுச்சேரிப் பக்கம் பாகூரில் கட்டிக்கொடுத்த கடலூர்ப் பெண்களும், கடலூரில் வாழ்க்கைப்பட்ட, அதே புதுச்சேரியின் அரியாங்குப்பத்துப் பெண்களும் எத்தனையோ பேர். எல்லையின் இரு பக்கமும் ஒரே பேச்சு, ஒரே சாதி சனம், போலீஸ் மட்டும் வேறு. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் மோசமாகத் தீக்காயம் பட்டவர்களையும் விஷம் குடித்தவர்களையும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது வழக்கம். அங்கே உயிர் போனால் தகவல் முதலில் புதுச்சேரிப் போலீசுக்குப் போகும். அங்கிருந்து சம்பவம் நடந்த ஊரின் காவல் நிலையத்துக்குத் தாள் வர வேண்டும். சாவு ஒரு மாநிலத்தில், சம்பவம் இன்னொரு மாநிலத்தில். அந்த இடைவெளியில் சமையலறை கழுவப்பட்டிருக்கும், செல்போன் காணாமல் போயிருக்கும். மருத்துவமனையில் அவளுக்கு நினைவு இருக்கும்போதே நடுவர் வந்து மரண வாக்குமூலம் வாங்குவது அதனால்தான் அவ்வளவு முக்கியம். அந்த வாக்குமூலமும் பலமுறை "என் மேல் தவறு, ஸ்டவ் பற்றிக்கொண்டது" என்றே வரும். குழந்தைகள் வெளியே அவர்கள் கையில் இருக்கும்போது, கட்டிலுக்குப் பக்கத்தில் மாமியார் நின்றுகொண்டிருக்கும்போது, அவள் வேறு என்ன சொல்வாள்?

உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு இந்த எல்லை ஒரு தடையே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புகுந்த வீட்டில் அடி வாங்கிப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள், பிறந்த ஊர்க் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. "சம்பவம் பாகூர்லதானே நடந்துச்சு, அங்க போய்க் குடும்மா" என்று கடலூரில் யாராவது திருப்பி அனுப்பினால் அது சட்டப்படி தவறு.

நாட்டின் முதல் முயற்சிகளில் ஒன்றாக 1992-இல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் தொடங்கியது தமிழ்நாடு. பெண்கள் தயங்காமல் உள்ளே போக அவை வழி செய்தன. அதே நேரம், அங்கே நடப்பதில் பெரும்பங்கு சமரசம். இரு வீட்டாரையும் உட்கார வைத்து, எழுதி வாங்கி, "ஒழுங்கா குடும்பம் நடத்துங்க" என்று அனுப்பிவைப்பது. மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தும் இதையே செய்கிறது. சில குடும்பங்கள் இதனால் தேறியிருக்கலாம். ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கணவன் வீட்டுக்குப் போனதும் முதலில் பழிவாங்குவது, ஸ்டேஷன் வாசல் மிதிக்க வைத்ததற்காகத்தான். சமரசம் பேசி அனுப்பிய பெண்ணை இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டுத் தனியாகக் கேட்கும் ஏற்பாடு எங்கும் கட்டாயமாக இல்லை.

498-ஏ பிரிவைப் பெண்கள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற குரல் இன்று பலமாக ஒலிக்கிறது. வழக்கில் சம்பந்தமில்லாத உறவினர்களைச் சேர்ப்பது நடக்கிறது, நீதிமன்றங்களும் கண்டித்திருக்கின்றன. 2014-லேயே உச்ச நீதிமன்றம், புகார் வந்தவுடன் கைது என்ற பழக்கத்தை நிறுத்தியது. அது நியாயமான தீர்ப்பு. ஆனால் தண்டனை குறைவாக இருப்பதைக் காட்டி வழக்குகள் பொய் என்று வாதிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கடலூர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு நாள் நின்று பார்த்தாலே தெரியும். வழக்கு ஐந்தாறு ஆண்டு இழுக்கும், அதற்குள் தங்கைக்குக் கல்யாணம் நிற்கும், விவாகரத்துக்குச் சம்மதிக்க வேண்டுமானால் கேஸை வாபஸ் வாங்கு என்பார்கள், நகையைத் திருப்பித் தருகிறேன், சாட்சி சொல்லாதே என்பார்கள். அப்படித்தான் சாட்சிகள் பிறழ்கிறார்கள்.

எழுதப்படாத பட்டியல்

நம் ஊர்க் கல்யாணங்களில் ஒருவர் மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். நூற்றியொரு ரூபாய் வைத்தவரின் பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் மொய் நோட்டில் ஏறும். இருபது ஆண்டு கழித்து அந்த நோட்டைப் புரட்டி, அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு இருநூற்றியொன்றாகத் திருப்பிச் செய்வார்கள். இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைக்கத் தெரிந்த நாம், அதே மண்டபத்தில் கைமாறும் பல லட்ச ரூபாய் நகைக்கு ஒரு துண்டுத் தாள் எழுதுவதில்லை.

சட்டம் அந்தத் தாளைக் கேட்கிறது. 1985 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, பெண்ணுக்கு வந்த பரிசுகளுக்கு ஒரு பட்டியலும் மாப்பிள்ளைக்கு வந்தவற்றுக்கு ஒரு பட்டியலும் கல்யாணத்தின்போதே எழுத வேண்டும். பொருள் என்ன, ஏறக்குறைய என்ன மதிப்பு, யார் தந்தது என்று எழுதி, பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்திட வேண்டும். பெண்ணின் பட்டியல் பெண்ணிடமே இருக்க வேண்டும். கேட்காமல் தந்த அன்பளிப்புக்குச் சட்டம் விலக்கு தருவதே இந்தப் பட்டியல் இருந்தால்தான். நாற்பது ஆண்டுகளாக இருக்கும் இந்த விதியைப் பற்றிக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற, மண்டபம் பார்க்கிற, ஐயரைப் பிடிக்கிற எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? வரதட்சணைத் தடுப்பு அதிகாரி என்று ஒருவர் இருப்பதே தெரியாது. தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலர் அந்தப் பொறுப்பில் இருக்கிறார்.

பட்டியல் எழுதுவதால் வரதட்சணை ஒழியாது. ஆனால் பின்னாளில் "இவ என்னத்தக் கொண்டாந்தா" என்று யாரும் சொல்ல முடியாது. பட்டியல் இல்லாத வீடுகளுக்கு நகைக்கடை ரசீது, மாப்பிள்ளைக்கு அனுப்பிய பணத்தின் வங்கிப் பதிவு, பைக் வாங்கிய பில், கல்யாண வீடியோவில் கழுத்தில் தெரியும் நகை, வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு எல்லாமே சான்று. அழித்துவிடாமல் இன்னொரு போனிலும் வைத்திருக்க வேண்டும்.

அரசின் கையில் இருந்த ஒன்றும் சென்ற சில ஆண்டுகளில் மாறியது. 1989-இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் பிற்காலத்தில் பட்டதாரிப் பெண்களுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் தந்தது. ஏழை வீடுகளுக்கு அது பெரிய துணை. கல்யாணம் என்றால் தங்கம் என்ற எண்ணத்துக்கு அரசே முத்திரை குத்தியது போலவும் ஆனது. 2022-இல் அந்தப் பணம் புதுமைப் பெண் திட்டமாகி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயாகப் போகிறது. தாலித் தங்கம் நின்றதில் வருத்தப்பட்ட பெற்றோர் உண்டு. எனக்கு இது சரியான திருப்பமாகவே படுகிறது. கையில் ஒரு வேலை இருப்பவள் பாக்கி எட்டு பவுனுக்காகப் புகுந்த வீட்டிலேயே கிடக்க வேண்டியதில்லை. பிறந்த வீட்டுச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது, மத்திய அரசு 2005-இல் செய்தது. இன்னும் பல அண்ணன்மார், "கல்யாணத்துக்குத்தான் போட்டாச்சே" என்று சொல்லித் தங்கையிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். நகை மாமியார் வீட்டில், நிலம் அண்ணன் பேரில். அடி வாங்கியவள் எந்த வீட்டுக்குப் போய் நிற்பாள்?

அப்பா அம்மாவிடம் அவள் முதல்முறை வாய் திறக்கும் நாளில் வருவது "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, ஒரு புள்ள பொறந்தா எல்லாம் சரியாயிடும்" என்ற பதில்தான். வாழாவெட்டி என்று ஊர் சொல்லுமே என்ற பயம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் அவளுக்கு அங்கே சட்டம் இன்னொரு வழி வைத்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வரதட்சணை கேட்டுத் துன்புறுத்துவதையும் வன்முறை என்கிறது. யாரையும் ஜெயிலுக்கு அனுப்பாமலே, நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவும் பராமரிப்புச் செலவும் நகையைத் திரும்பப் பெறும் உத்தரவும் கேட்கலாம். மனுவை எழுதவும் தாக்கல் செய்யவும் பாதுகாப்பு அலுவலர் உதவுவார், பிறந்த ஊரிலேயே போடலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் அழைக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் எந்த நேரமும் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். புகார் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை.

இறந்தவளின் நகையைப் பற்றியும் சட்டத்தில் ஒரு வரி உண்டு. ஏழு ஆண்டுக்குள் இயற்கைக்கு மாறாக இறந்தவளின் வரதட்சணை கணவன் வீட்டில் தங்கக் கூடாது. குழந்தை இருந்தால் குழந்தைக்கு, இல்லையென்றால் அவளைப் பெற்றவர்களுக்குப் போக வேண்டும். வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அது. ஆர்.டி.ஓ. முன்னால் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் அன்றைக்கே அதையும் எழுதிக் கேட்கலாம்.